வாரமா, குத்தகையா? இ.டி.எஃப். தரும் ஈவுத்தொகை

நிலத்தைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டுப் பட்டணத்தில் வாழ்ந்த மிராசுதாரர்களுக்கு வருமானம் இருவிதமாக வந்து சேர்ந்தது. மழை பெய்தாலும் பொய்த்தாலும் பேசிய கலம் நெல்லை அளந்துவிட வேண்டும் என்பது குத்தகை. விளைந்ததில் இத்தனை பங்கு என்பது வாரம். பாங்கு வட்டி குத்தகைக்கு ஒப்பானதென்றால், இ.டி.எஃப். எனப்படும் பண்டுகள் வழங்கும் ஈவுத்தொகை வாரத்தையே ஒத்தது; உத்தியோகச் சம்பளம்போல் தவறாத வரும்படியை விரும்பி இவற்றை நாடுவோர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய பேதம் இதுவே.

பல கம்பெனிகளின் பங்குகளை ஒரே மூட்டையாகக் கட்டி, அம்மூட்டையின் சிறு கூறுகளான யூனிட்டுகளைத் தனிப் பங்குபோலவே சந்தையில் வாங்கவும் விற்கவும் இடமளிப்பது இ.டி.எஃப். அக்கம்பெனிகள் தம் லாபத்திலிருந்து அளிக்கும் டிவிடெண்டுகள் பண்டில் சேர்ந்து, நிர்வாகச் செலவு போக எஞ்சியது யூனிட்தாரர்களுக்குப் பகிரப்படுகிறது. அமெரிக்காவில் 1993 ஜனவரியில் தோன்றி, எஸ் அண்ட் பி 500 குறியீட்டைப் பின்பற்றிவரும் எஸ்.பி.ஒய். பண்டு மூன்று மாதங்களுக்கொரு முறை இவ்வாறு பகிர்கிறது. பருவம் நிச்சயம்; தொகை அநிச்சயம். 2008-ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் பெரிய பாங்குகள் டிவிடெண்டை வெட்டியதன் விளைவாக, அக்குறியீட்டுக் கம்பெனிகளின் மொத்த ஈவு மறு ஆண்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிற்று.

ஈவுக்கு உரியவர் யார் என்பதை நிர்ணயிக்கும் நாளில் இன்னொரு சூட்சுமம் உண்டு. யூனிட் ஒன்றுக்கு 2 ரூபாய் வெளியேறினால், 100 ரூபாயாக இருந்த அதன் நிகர மதிப்பு, சந்தையின் ஏற்ற இறக்கம் நீங்கலாக, 98 ஆகிவிடும். ஆகவே முந்திய நாள் வாங்கி ஈவைப் பெற்று மறுநாள் விற்றுவிடலாமென்று எண்ணுவோர் தம் பணத்தையே வரி செலுத்தித் திரும்பப் பெற்றவராவர். இந்த உண்மையைப் பெயரிலேயே வெளிப்படுத்த வேண்டுமென்றுதான், மியூச்சுவல் பண்டுகளின் டிவிடெண்ட் திட்டங்களை 'வருமானப் பகிர்வும் மூலதன மீட்பும்' என்று பொருள்படும் பெயரால் 2021 ஏப்ரல் முதல் அழைக்குமாறு பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதித்தது.

சதவிகிதத்தைக் கண்டு மயங்குவதும் தகாது. நூறு ரூபாய் விலைக்கு நான்கு ரூபாய் ஈவென்றால் 4 சதவிகிதம்; கம்பெனிகளின் நிலை தாழ்ந்து விலை ஐம்பதாக வீழ்ந்தால், பழைய ஈவை வைத்துப் போடும் கணக்கு 8 சதவிகிதம் என்று காட்டும். உயர்ந்த சதவிகிதம் செழிப்பின் லட்சணமாகவும் இருக்கலாம், வியாதியின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

இந்தியாவின் முதல் இ.டி.எஃப்.பான நிஃப்டி பீஸ் 2002 ஜனவரியில் பட்டியலான நாளிலிருந்து இங்கே இத்தகைய பண்டுகள் பெருகியுள்ளனவாயினும், அவற்றுள் பெரும்பாலானவை ஈவை ரொக்கமாகக் கொடாமல் மூலதனத்திலேயே சேர்த்துவிடுகின்றன. இதனால் நஷ்டமில்லை. ரொக்கமாக வரும் ஈவு, 2020 ஏப்ரல் முதல், பெறுபவரின் வருமானத்தோடு சேர்ந்து அவரவர் வரி விகிதத்துக்கு உட்படுகிறது; பங்குசார் இ.டி.எஃப். யூனிட்டுகளை ஓராண்டுக்குமேல் வைத்திருந்து தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக விற்றாலோ, இப்போதுள்ள விதிப்படி, இத்தகைய நீண்டகால லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டதற்கே 12.5 சதவிகித வரி.

எனினும் விற்பதற்கும் ஓர் அளவு வேண்டும். வாரமாக வந்த நெல் குறைந்த வருஷத்தில் அடுப்பைச் சுருக்கியவர் மறு போகத்தையும் கண்டார். விதைநெல்லை அளந்து உலையிலிட்டவருக்கு நிலம் இருந்தும் விளைச்சல் இல்லாமற் போயிற்று.