ஹெரால்டு வாங்கப் போகிறீர்களா? காந்தம் ஒன்று கையில் இருக்கட்டும்

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலருக்குப் பழைய கார் மோகம் பிடித்திருக்கிறது. கூரை இல்லாத இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் கண்டால் "ஸ்போர்ட்ஸ் கார்!" என்கிறார்கள். அதில் பாதி உண்மை உண்டு. இத்தாலியரான மிக்கெலோட்டி வடிவமைத்து 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். நம் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் தயாரித்ததோ குடும்பக் கார்.

எதிர் ஃப்ளாட் தம்பி திருநெல்வேலிக்காரர். கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தில் கை வைத்து ஒரு ஹெரால்டு வாங்கத் துணிந்துவிட்டார். "அண்ணாச்சி, ஒருதரம் வந்து பாத்துச் சொல்லுங்க" என்றார். முப்பது வருடம் இரும்போடு பழகியவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார். ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு ஷெட்டுக்குப் போனோம்.

சிவப்பு பெயிண்ட் கண்ணாடி போல் மின்னியது. நான் துணி சுற்றிய காந்தத்தை எடுத்தேன். பானெட்டில் ஒட்டியது, கதவின் அடியிலும் பின் சக்கர வளைவிலும் நழுவி விழுந்தது. உள்ளே தகடு இல்லை, பட்டி!

அது கூடப் பரவாயில்லை, டிங்கரிங்கில் சரியாகும். ஹெரால்டின் உயிர் சேஸிஸில் இருக்கிறது. நடுவில் முதுகெலும்பு மாதிரி இரண்டு தண்டுகள், அவற்றிலிருந்து பக்கவாட்டில் கைகள். அந்தக் கைகள்தான் பாடியைத் தாங்குகின்றன. சேறும் தண்ணீரும் தங்குவதும் அங்கேதான். கடற்காற்றில் பல வருடம் நின்ற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினேன். நல்ல இரும்பு 'டங்' என்னும்; இது 'பொத்' என்றது. துருவின் மேலேயே புதுத் தகடு வைத்து வெல்டு செய்திருந்தார்கள். பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கியதும் திறந்த கதவு மூட மறுத்தது. சேஸிஸ் வளைகிறது என்று அர்த்தம். விற்பவர் "ஏனூ இல்லா சார்" என்று சிரித்தார்.

அடுத்தது ஆர்.சி. புத்தகம். சேஸிஸ் எண், என்ஜின் எண் இரண்டும் சரி. ஆனால் பாடி வகை 'சலூன்' என்று இருந்தது. ஹெரால்டின் கூரை போல்ட்டில் பூட்டியது. கழற்றுவது சுலபம் என்பதால் பலர் கழற்றிவிட்டார்கள். பழைய கூரை எங்கே என்று கேட்டேன். எடைக்குப் போட்டாயிற்றாம்.

இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய கார் 'விண்டேஜ்' பதிவு பெற, சேஸிஸ், பாடி, என்ஜின் மாறாமல் அசலாக இருக்க வேண்டும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். அப்படிப் பதிந்த வண்டியில் தினமும் ஆபீஸ் போகவும் முடியாது. கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான்.

தம்பி முன்பணம் கொடுக்காமல் திரும்பினார். வழியெல்லாம் பேச்சே இல்லை.

தமிழ்நாட்டு எண் வண்டி என்றால் இன்னொன்று. இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் கர்நாடகப் பதிவுக்கு மாற்ற வேண்டும், பழைய ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரியும் கட்ட வேண்டும். எவ்வளவு ஆகும் என்பதை விலை பேசும் முன்பே நம் கே.ஏ.51 அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.