மோட்டார் ‘ஆஃப்’ ஆகலையா? மலை வீட்டில் சிக்னல் எங்கே அறுகிறது?

வேலை சென்னையிலோ பெங்களூருவிலோ. வீடும் நிலமும் ஜவ்வாது மலையில். தோட்டத்து மோட்டாரை இங்கிருந்தே ஓட்டலாம் என்று மொபைல் ஸ்டார்ட்டர், வீட்டு விளக்குகளுக்கு ஸ்மார்ட் பிளக் எல்லாம் மாட்டியாச்சு. ஒருநாள் ‘ஆஃப்’ கொடுத்தால் பதிலே வரல. விளக்கு எரிந்தால் கரண்ட் பில்லோடு போய்விடும். கிணறு வற்றிய பின்னும் மோட்டார் ஓடினால் காயில் கருகிவிடும்.

உடனே பலரும் ஆன்லைனில் பூஸ்டர் தேடுகிறார்கள். மொபைல் சிக்னல் பூஸ்டரை அனுமதி இல்லாமல் வைப்பது இந்தியாவில் சட்டப்படி குற்றம். அதோடு, கோளாறு டவரிலா, வைஃபையிலா, மின்கம்பியிலா என்று தெரியாமல் எதை வாங்கினாலும் காசு தண்டம்.

டவர் சிக்னல் வருதா?

மொபைல் சிக்னல் மலையைத் துளைத்துக்கொண்டு போகாது. டவரைப் பார்த்த சரிவில் நன்றாகப் பேசும் போன், மறுபக்கம் போனதும் செத்துவிடும். ஸ்டார்ட்டரில் உள்ள சிம்மைக் கழற்றி ஒரு போனில் போட்டு, மோட்டார் ரூமிலிருந்தே கால் பண்ணிப் பாருங்கள். போகவில்லையா? அந்த இடத்தில் அந்த நிறுவனத்தின் சிக்னல் இல்லை. வேறு சிம்மை முயலலாம்.

போனில் பேச முடிகிறது, ஸ்டார்ட்டர் மட்டும் பேசல என்றால் இரண்டு சந்தேகம். பழைய ஸ்டார்ட்டர்கள் பல 2ஜியில் மட்டுமே இயங்கும்; ஜியோவில் 2ஜி சேவையே கிடையாது. இன்னொன்று, ஆன்டெனா இரும்புப் பெட்டிக்குள்ளேயே கிடக்கலாம். இரும்பு ரேடியோ அலையைத் தடுக்கும். ஆன்டெனாவை வெளியே, உயரத்தில் வைக்க வேண்டும்.

வைஃபை எட்டுதா?

பெரும்பாலான ஸ்மார்ட் பிளக்குகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் வேலை செய்யும். சென்னை அபார்ட்மென்ட்டில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் இதே அலைவரிசையில் முட்டிமோதும். அங்கே 1, 6, 11 சேனல்களில் கூட்டம் குறைந்ததற்கு மாறினால் பலன் தெரியும்.

மலையில் கதை வேறு. நகர வெளிச்சம் எட்டாத இருட்டு வானம் என்பதால்தான் இதே ஜவ்வாது மலையின் காவலூரில் வானியல் ஆய்வகம் அமைந்தது. வீடுகள் தள்ளித்தள்ளி இருப்பதால் வைஃபை நெரிசலும் குறைவு. இங்கே வில்லன் கல் சுவரும், தகரக் கூரையும், தூரமும்தான். பிளக்கை ரவுட்டர் பக்கத்தில் மாட்டிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக வேலை செய்தால் பிளக்கில் கோளாறு இல்லை. ரவுட்டரின் இடத்தை மாற்றினால் போதும்.

மின்கம்பி வழியா?

வீட்டு ஒயரிங் வழியாகவே சிக்னல் அனுப்பும் முறை 1975-ல் ஸ்காட்லாந்தில் உருவான ‘எக்ஸ்10’ காலத்திலிருந்தே இருக்கிறது. இதில் முதல் சந்தேகம் த்ரீ ஃபேஸ். ஒரு அடாப்டர் ஒரு ஃபேஸிலும், மற்றது வேறு ஃபேஸிலும் இருந்தால் சிக்னல் பலவீனமாகும், சில நேரம் போகவே போகாது. இரண்டையும் ஒரே அறையில் மாட்டிச் சோதித்தால் தெரிந்துவிடும்.

ஸ்பைக் கார்டு வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சிக்னலை விழுங்கும். அடாப்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். மலிவான சார்ஜர், எல்இடி பல்புகள் இரைச்சல் கிளப்பும்; ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். வீட்டு மின் இணைப்பும் விவசாய பம்ப்செட் இணைப்பும் தனித்தனி என்பதால், வீட்டிலிருந்து மோட்டார் ரூமுக்கு இந்த வழியை நம்ப முடியாது.

கடைசிக் காவல்

எல்லாம் சரிசெய்தாலும் ஒரு மழை நாளில் டவர் போகத்தான் செய்யும். அதனால் மோட்டாரை நிறுத்தும் பொறுப்பை போனிடம் மட்டும் விடக் கூடாது. தண்ணீர் இல்லாதபோது தானாக நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்பும், டைமரும் ஸ்டார்ட்டரிலேயே இருக்க வேண்டும். இருந்தாலும் அவை ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.