ஈரத்துக்குக் கழித்த எடை

மலேசியாவின் கேமரன் மலையில் விடியலில் மழை பெய்தால் கொழுந்து கனக்கும். கூடைக்குள் இலையோடு தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். நிறுவைக்குக் கொண்டுபோனால், தராசு காட்டிய எடையில் ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்த பிறகுதான் கிராணி புத்தகத்தில் எழுதுவார். என் பாட்டிக்குக் கடைசிவரை அந்த வருத்தம் இருந்தது. "மழையில நனைஞ்சது நாங்க, கழிச்சது எங்க கூலியில" என்பார். ஆனால் தராசுக்கு இலையும் தண்ணீரும் ஒன்றுதான் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பதினேழு வயதில் எனக்கு அது தெரியவில்லை. ரிங்லெட்டில் ஒரு கல்யாண வீட்டில் அத்தை என்னை மேலும் கீழுமாகப் பார்த்து, "என்னம்மா, இப்படி ஊதிட்ட?" என்றார். பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த வாரமே உடம்பு மெலிவதற்கான தேநீர் என்று ஒரு டப்பா வாங்கினேன். தேயிலைச் சரிவில் பிறந்து வளர்ந்தவள், தேயிலையே இல்லாத ஒரு தேநீருக்குக் காசு கொடுத்தேன். நான்கு நாளில் இரண்டு கிலோ குறைந்தது. ஐந்தாம் நாள் காலை, பள்ளியில் வரிசையில் நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது.

டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் 'சென்னா' என்று இருந்தது. நம்மவர்கள் நிலாவரை என்று சொல்லும் செடி. உலகச் சந்தையில் அதற்கு 'டின்னவெல்லி சென்னா' என்றே பெயர்; திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து நிலங்களில் விளைந்து கப்பலேறுவது. மலச்சிக்கலுக்கு ஓரிரு நாள் கொடுத்தால் நல்ல மருந்துதான். ஆனால் அது வேலை செய்யும் இடத்தைப் பாருங்கள். நிலாவரையின் வேதிப்பொருள் சிறுகுடலைச் சும்மா கடந்து பெருங்குடலுக்குப் போகிறது. அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அதை உடைத்த பிறகுதான் வீரியம் வருகிறது. குடல் சுவர் சுருங்கி விரிகிறது, தண்ணீர் திரும்ப உறிஞ்சப்படாமல் வெளியேறுகிறது. சாப்பிட்ட சோற்றின் மாவுச்சத்தும் எண்ணெயின் கொழுப்பும் அதற்கு முன்பே சிறுகுடலில் உடம்போடு சேர்ந்துவிட்டன. நான் இழந்த இரண்டு கிலோவில் கொழுப்பு அனேகமாக இல்லவே இல்லை. போனது தண்ணீர். தண்ணீரோடு பொட்டாசியமும் போகும். இதயத் துடிப்பின் மின்னோட்டம் சீராக இருக்க அந்த உப்பு வேண்டும். மாதக்கணக்கில் இப்படிக் குடிப்பவர்களுக்கு இதயத் தாளமே தடுமாறலாம்.

இதைவிட மோசமானவையும் கடைகளிலும் கைபேசி விற்பனையிலும் உலவுகின்றன. சிபுட்ராமின் என்ற பசியடக்கி மருந்து மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்டது. அதே மருந்து, பெயர் சொல்லாமல் 'மெலிவுக் காப்பி'களில் கலக்கப்பட்டிருப்பதை மலேசிய மருந்து ஒழுங்குமுறை அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்து வருகிறார்கள்.

மெலிந்தே தீரவேண்டும் என்ற அளவுகோல் எங்கிருந்து வருகிறது? ஆடை அலங்கார மேடையில் அதற்கு ஒரு தொழில் காரணம் இருக்கிறது. பருவம் தொடங்குமுன் மாதிரி ஆடைகளை ஒரே அளவில் தைத்துவிடுவார்கள். யார் அணிந்து நடந்தாலும் அதற்குள் அடங்க வேண்டும். எங்கள் மலையில் தானா ராத்தா தையற்கடையில் டேப் வைத்து ஆளுக்கேற்ப ரவிக்கை வெட்டுகிறார்கள். மேடையிலோ ரவிக்கைக்கேற்ப ஆளைக் குறைக்கச் சொல்கிறார்கள். ஐந்தே முக்கால் அடிக்கு மேல் உயரம், 34 அங்குலத்தை ஒட்டிய பிட்டச் சுற்றளவு என்பது எழுதப்படாத விதியானது. 2006 ஆகஸ்டில் உருகுவே மாடல் லூயிசெல் ராமோஸ் ஆடைக்காட்சி நடந்துகொண்டிருக்கையில் இதயம் நின்று இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் பிரேசிலின் அனா கரோலினா ரெஸ்டன் 21 வயதில் போனார். அப்போது அவர் எடை சுமார் 40 கிலோ. இரண்டு மரணங்களுக்கும் இடையே, செப்டம்பரில், மாட்ரிட் ஆடை வாரம், உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. குறியீடு 18-க்குக் குறைந்தவர்களை மேடையேற்றாமல் திருப்பி அனுப்பியது. இஸ்ரேல் 2012-ல் சட்டமே இயற்றியது. பிரான்சில் 2017 முதல் மாடல்கள் மருத்துவச் சான்று காட்ட வேண்டும். உடலை மெலியவைத்துத் திருத்திய விளம்பரப் படத்தில் 'திருத்தப்பட்ட படம்' என்று அச்சிட வேண்டும். அந்தக் கடைசி விதியை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனென்றால் படம் மேடையோடு நிற்பதில்லை, மலையேறி வந்துவிடுகிறது.

நம்மவர்களும் கரும்புக் கூலிகளாகப் போய்க் குடியேறிய ஃபிஜித் தீவில் இதைக் கண்ணெதிரே பார்த்தவர் ஹார்வர்டு ஆய்வாளர் ஆன் பெக்கர். பூர்வகுடி ஃபிஜியர்களிடம் வாட்டசாட்டமான உடம்புக்குத்தான் மதிப்பு. 1995-ல் நட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களில் பள்ளி மாணவிகளிடம் விசாரித்தபோது, எடையைக் குறைக்க வாந்தி எடுத்ததாக ஒருத்தியும் சொல்லவில்லை. மூன்றாண்டு கழித்து அதே வயது மாணவிகளில் நூற்றுக்குப் பதினொருவர் சொன்னார்கள். அது ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டிகூட இல்லாத காலம். இன்று எங்கள் மலையின் பிரிஞ்சாங்கில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் திரை இருக்கிறது.

'அப்படியானால் பி.எம்.ஐ. பார்த்துக்கொண்டால் போதுமே' என்று தோன்றும். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்தக் கணக்கு, பெல்ஜிய வானியலாளர் கெத்தலே 1830-களில் மக்கள்தொகையை அளக்கப் போட்டது, தனி ஆளை அளக்க அல்ல. அதற்கு இன்றைய பெயரை 1972-ல் வைத்தவர் அமெரிக்கரான ஆன்செல் கீஸ். இதே கீஸ்தான் 1944-45-ல் மின்னசோட்டாவில் 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்று உணவு கொடுத்து ஆராய்ந்தவர். திடகாத்திரமாக வந்தவர்கள் எடையில் கால்பங்கை இழந்தார்கள். அதைவிட முக்கியம், நாள் முழுவதும் சாப்பாட்டையே நினைத்தார்கள், சமையல் புத்தகங்களைக் கதைபோலப் படித்தார்கள், எரிச்சலும் சோர்வுமாக ஒதுங்கினார்கள். பட்டினி மனதையும் தின்கிறது. உணவைத் தவிர்த்துத் தவிர்த்து ஒடுங்கிப்போன பெண்ணைப் பார்த்து 'பிடிவாதம்' என்று சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் உடம்பில் பி.எம்.ஐ. இன்னொரு விதமாகவும் ஏமாற்றும். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்களையே அளந்து 2004-ல் 'லான்செட்' இதழில் படத்தோடு வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. பிறக்கும்போதே இது தொடங்குவதையும் யாஜ்னிக் குழு கண்டது: புனேக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5, குறைந்ததில் பெரும்பங்கு தசை, கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தலைமுறைகளாகத் தாய்மார்கள் அரைவயிறாக இருந்ததன் தழும்பாக இது இருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. குறைந்த பி.எம்.ஐ.யிலேயே கொழுப்பு கூடியிருப்பதால்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் ஆசியர்களுக்கு 25-க்குப் பதில் 23-லேயே விழித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

பாட்டி நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கினார். அந்த வேலையை இப்போது பெரும்பாலும் வெட்டு இயந்திரமும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் செய்கிறார்கள். பேரப்பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் நாற்காலியில். மூன்று வேளைச் சோறும் கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணியும் மட்டும் மாறவில்லை. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு நீரிழிவு. அதே ஆய்வில், பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் மூவருக்கு ரத்தச்சோகை. ஒரே வீட்டில் இரண்டும் இருக்கலாம், ஒரே பெண்ணிடமும் இருக்கலாம். அவளைப் பார்த்து 'ஊதிட்ட' என்றோ 'இளைச்சிட்ட' என்றோ சொல்வதால் இரண்டில் எதுவும் தெரியவராது. இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் ஆணுக்கு 90-ஐயும் தாண்டுகிறதா, சர்க்கரை எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா: அரசாங்கக் கிளினிக்கில் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மாதவிடாய் நின்றுபோகும் அளவுக்குச் சாப்பாட்டைக் குறைக்கும் பெண்ணின் எலும்பு, கெட்டிப்பட வேண்டிய வயதில் கரையத் தொடங்குகிறது.

தேநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்தைக் கட்டிவிடும். சாப்பாட்டோடு குடித்தால் உடம்பில் சேரும் இரும்பு பாதிக்கும் கீழே போகலாம். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் அந்த இழப்பு வெகுவாகக் குறையும். பாட்டி வாழ்நாள் முழுக்கச் சோற்றோடுதான் தேத்தண்ணி குடித்தார். அவர் கண் இமையின் உட்புறம் எப்போதும் வெளிறியே இருந்தது. யாரும் அவருக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. தினமும் நிறுத்துப் பார்த்தது அவருடைய கூடையைத்தான்.