காதுக்கு ஒரு கட்டுரை!

குட்டீஸ், கட்டுரை எழுதச் சொன்னால் என்ன செய்வீர்கள்? முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பிரித்துக்கொண்டு, அழகான கையெழுத்தில் மூன்று பக்கம் எழுதுவீர்கள். டீச்சர் திருத்தி, பத்துக்கு எட்டு போடுவார். அதோடு அந்த நோட்டு பைக்குள் போய்விடும். அப்புறம் அந்தக் கட்டுரையை யாராவது படிப்பார்களா? சந்தேகம்தான்!

அதே கட்டுரையை, 'பேப்பரில் வேண்டாம், குரலில் கொடு' என்று கேட்டால்? வெளிநாட்டுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் எழுத்துப் பயிற்சி வகுப்புகளில் இப்படிக் கேட்கிறார்கள். மாணவர்கள் ஒரு விஷயத்தைத் தேடிப் பிடித்து, எழுதி, பேசிப் பதிவு செய்து, ஒரு குட்டி ஒலி நிகழ்ச்சியாகக் கொடுக்க வேண்டும். இதற்குப் பெயர்தான் 'பாட்காஸ்ட்'.

வானொலி நிகழ்ச்சியை அது ஒலிபரப்பாகும் நேரத்தில்தான் கேட்க முடியும். பாட்காஸ்ட் அப்படியல்ல, இணையத்தில் காத்திருக்கும். நமக்கு நேரம் கிடைக்கும்போது கேட்டுக்கொள்ளலாம்.

இந்தப் பெயர் வந்த கதை தெரியுமா? 2001ல் ஆப்பிள் நிறுவனம் பாட்டுக் கேட்பதற்காக 'ஐபாட்' என்ற சின்னக் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஒலிபரப்புக்கு ஆங்கிலத்தில் 'பிராட்காஸ்ட்' என்று பெயர். 2004 பிப்ரவரியில் பென் ஹேமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர், இங்கிலாந்தின் 'கார்டியன்' பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் இரண்டு சொற்களையும் சேர்த்து 'பாட்காஸ்டிங்' என்று எழுதினார். ஐபாட் தயாரிப்பு 2022ல் நின்றுபோனது. அதிலிருந்து பிறந்த பெயர் மட்டும் நிலைத்துவிட்டது!

நான்கு மாணவர்களும் ஒரு யானையும்

2019ல் அமெரிக்காவின் பொது வானொலியான என்.பி.ஆர்., பள்ளி மாணவர்களுக்கென்று முதல் முறையாக ஒரு பாட்காஸ்ட் போட்டி நடத்தியது. நாடு முழுவதிலும் இருந்து ஏறத்தாழ 6,000 படைப்புகள் வந்து குவிந்தன. உயர்நிலைப் பள்ளிப் பிரிவில் ஜெயித்தது யார் தெரியுமா? பெரிய நகரத்துப் பிள்ளைகள் அல்ல. டென்னசி மாநிலத்தில் உள்ள எலிசபெத்டன் என்ற சிற்றூரின் பள்ளியில், பதினொன்றாம் வகுப்பு படித்த நான்கு பேர்!

அவர்கள் எதைப் பற்றிப் பேசினார்கள்? விண்வெளி, டைனோசர், சினிமா எதுவும் இல்லை. பக்கத்து ஊர்க் கதை ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டார்கள். எர்வின் என்பது அந்த ஊரின் பெயர். 1916ல் மேரி என்ற சர்க்கஸ் யானை, தன்னை நடத்திச் சென்ற ஆளைக் கொன்றுவிட்டது. அதற்குத் தண்டனையாக அந்த யானையை எர்வினுக்குக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். அன்று முதல் 'யானையைக் கொன்ற ஊர்' என்ற அவப்பெயர் எர்வினுக்கு ஒட்டிக்கொண்டது. நூறு வருடங்களுக்குப் பிறகு, அந்த ஊர் மக்கள் யானைகளைக் காப்பாற்றும் ஒரு சரணாலயத்துக்காக நிதி திரட்டினார்கள். பழைய கறையிலிருந்து ஓர் ஊர் எப்படி மீண்டு எழுந்தது என்பதைத்தான் அந்த நால்வரும் சொன்னார்கள்.

இதிலிருந்து நமக்கு ஒன்று புரிகிறது, இல்லையா? நல்ல கதையைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. அது பக்கத்துத் தெருவிலேயே இருக்கலாம்!

'ஆமா' போட ஒருவர்

காதுக்குக் கதை சொல்லும் வித்தை குமரி மாவட்டத்துக்குப் புதிதா என்ன? நாஞ்சில் நாட்டில் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு இல்லாமல் இருக்காது. மணிகள் கட்டிய பெரிய வில்லை ஒரு மண்குடத்தின் மேல் வைத்துக் கட்டியிருப்பார்கள். புலவர் வீசுகோலால் நாணைத் தட்டிக்கொண்டே கதை சொல்வார். உடுக்கையும் தாளமும் கூடவே வரும். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் வில்லுப்பாட்டு பாடியவர்தான்.

அந்த மேடையில் ஒருவரைக் கவனித்திருக்கிறீர்களா? புலவர் ஒரு வரி சொன்னதும், பக்கத்தில் இருப்பவர் 'ஆமா!' என்பார். அடுத்த வரிக்கும் 'ஆமா!' சில இடங்களில் 'அப்படியா?' என்று கேட்பார். அவர் சும்மா தலையாட்டவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் நூறு பேர் மனதில் நினைப்பதை அவர் வாய்விட்டுச் சொல்கிறார். அதனால்தான் விடிய விடியக் கேட்டாலும் கதை அலுப்பதில்லை.

பாட்காஸ்ட் எழுதுகிறவருக்கும் இப்படி ஒரு 'ஆமா' போடுகிறவர் வேண்டும். எழுதும்போதே அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் அவர் 'ஆமா' என்பாரா, 'அப்புறம்?' என்று கேட்பாரா, இல்லை கொட்டாவி விடுவாரா? கொட்டாவி விட்டால் அந்த வரியை மாற்றி எழுத வேண்டியதுதான்!

வானொலியிலும் நாகர்கோவிலுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையத்தை அகில இந்திய வானொலி 1984ல் தொடங்கியது நாகர்கோவிலில்தான்! டில்லிக்கும் சென்னைக்கும் பொதுவான நிகழ்ச்சிகள் மட்டும் போதாது, ஒரு மாவட்டத்து மக்கள் அவர்கள் ஊர்ச் சேதியை அவர்கள் பேச்சிலேயே கேட்க வேண்டும் என்பதுதான் உள்ளூர் வானொலியின் நோக்கம்.

கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று

சரி, காதுக்கு எழுதுவதில் அப்படி என்ன வித்தியாசம்? புத்தகத்தில் ஒரு வரி புரியவில்லை என்றால் திரும்பவும் படிக்கலாம். காதில் விழும் வரி, விழுந்ததும் ஓடிவிடும்! ஆகவே கேட்டவுடன் புரிய வேண்டும்.

ஓர் உதாரணம் பாருங்கள். இது கண்ணுக்கு எழுதியது:

'திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் ஆட்சிக் காலத்தில், ஐரோப்பியப் பொறியாளர் மிஞ்சின் என்பவரின் மேற்பார்வையில் கோதையாற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1906ஆம் ஆண்டில் நிறைவுபெற்ற பேச்சிப்பாறை அணையானது, மாவட்டத்தின் பாசனத்துக்கு முக்கிய ஆதாரமாக விளங்குகிறது.'

இதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். பாதியிலேயே மூச்சு வாங்குகிறதா? இப்போது காதுக்கு எழுதியது:

'பேச்சிப்பாறை அணைக்குப் போயிருக்கீங்களா? அங்கே ஒரு கல்லறை இருக்கு. மிஞ்சின் என்பவருடைய கல்லறை. யார் அவர்? இந்த அணையைக் கட்டிய இன்ஜினீயர். கோதையாற்றை மறித்து அவர் கட்டிய அணை, 1906ல் முடிந்தது. இன்றைக்கும் நம்ம வயலுக்குத் தண்ணீர் அங்கேயிருந்துதான் வருது.'

விஷயம் ஒன்றுதான். ஆனால், வாக்கியங்கள் சின்னதாகிவிட்டன. ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு செய்தி. நடுவில் ஒரு கேள்வி. பேசுகிற மாதிரியே சொற்கள். இதற்கு 'ஆமா' போடுவது சுலபம், சரிதானே?

நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 100 தமிழ்ச் சொற்கள் வரும். ஐந்து நிமிட நிகழ்ச்சிக்கு 500 சொற்கள் போதும். அவ்வளவு குறைந்த இடத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது? இந்தக் கேள்விதான் மாணவர்களை எழுத்தாளர்களாக மாற்றும் பயிற்சி.

ஒலியும் ஒரு சொல்!

தோவாளை மலர்ச் சந்தையில் விடியற்காலையில் பூ விலை பேசும் சத்தம். குளச்சல் கடற்கரையில் மீன் ஏலம். ஆரல்வாய்மொழியில் காற்றாலை இறக்கைகளின் 'வூஷ்...' வடசேரி பேருந்து நிலையத்தில் ஊர் பேரைக் கூவும் கண்டக்டர். இவற்றைப் பத்து வரியில் வர்ணிப்பதை விட, பத்து நொடி கேட்க வைத்துவிட்டால் போதும். கேட்பவர் அந்த இடத்துக்கே போய்விடுவார்.

பதிவு செய்ய விலை உயர்ந்த கருவி தேவையில்லை. வீட்டில் இருக்கும் செல்போன் போதும். சில குறிப்புகள் இதோ:

* வெற்றுச் சுவர்கள் உள்ள அறையில் குரல் சுவரில் மோதித் திரும்பி, எதிரொலிக்கும். துணிமணி, மெத்தை, திரைச்சீலை உள்ள அறையில் பேசுங்கள். துணி, ஒலியை உறிஞ்சிவிடும்.

* போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேராக வைத்தால் 'பப்பாளி', 'பம்பரம்' என்று சொல்லும்போது காற்று மோதி 'டப் டப்' என்று கேட்கும்.

* மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். நம் காது அதைக் கவனிக்காமல் விட்டுவிடும், மைக் விடாது!

* பேசி முடித்ததும், யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். அந்த இடத்தின் 'அமைதி', பிறகு வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப உதவும்.

* வெட்டி ஒட்ட, 'ஆடாசிட்டி' போன்ற இலவச மென்பொருள்கள் கம்ப்யூட்டருக்குக் கிடைக்கின்றன. குரல் அதில் அலை அலையாகத் தெரியும். வேண்டாத பகுதியை வெட்டி எடுத்துவிடலாம்.

* மிக முக்கியமானது: ஒருவர் பேசுவதைப் பதிவு செய்யும் முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். முடித்ததை யாருக்கு அனுப்பலாம் என்பதை அப்பா, அம்மா அல்லது ஆசிரியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

குரல் போய்ச் சேர வேண்டும்

இதெல்லாம் மார்க்குக்காக மட்டுமா? இல்லை, குட்டீஸ்.

2017 நவம்பர் 30ல் ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியது. அதற்குப் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. ஏராளமானோர் கரை திரும்பவே இல்லை. ஒரு செய்தியை எழுதிவிட்டால் மட்டும் போதாது. உரிய நேரத்தில், உரிய காதுக்கு, புரிகிற சொல்லில் அது போய்ச் சேர வேண்டும். ராமேஸ்வரம் தீவின் பாம்பனில், 2016 முதல் 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி மீனவர்களுக்கென்றே ஒலிபரப்பைத் தொடங்கியது இதற்காகத்தான். வடக்கிலிருந்து வீசினால் 'வாடை', கிழக்கிலிருந்து வீசினால் 'கொண்டல்', மேற்கிலிருந்து வீசினால் 'கச்சான்' என்று காற்றுக்குப் பெயர் வைத்திருப்பவர்கள் கடலோர மக்கள். அவர்களிடம் அவர்கள் மொழியில் பேசினால்தானே சட்டென்று புரியும்?

இன்னொன்றும் இருக்கிறது. 1956 நவம்பர் 1ல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள், இன்று எழுபது வயதைத் தாண்டிய தாத்தா, பாட்டிகள். அந்த நாளைப் பற்றிப் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால், 'மக்ளே, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா...' என்று தொடங்கும் அந்தக் குரலைப் புத்தகத்தில் கேட்க முடியாது.

அவர்கள் மரவள்ளியை 'மரச்சீனி' என்றும், மத்தி மீனை 'சாளை' என்றும் சொன்னால், அப்படியே இருக்கட்டும். திருத்தாதீர்கள்! அந்தச் சொற்களும், அவர்கள் இழுத்துப் பேசும் அழகும், நடுவே வரும் சிரிப்பும்தான் நாஞ்சில் நாட்டின் சொத்து. பதிவு செய்யாவிட்டால், அந்தக் குரல் அவர்களோடு போய்விடும்.

இந்த வாரமே செய்து பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ இருக்கும் பெரியவர் ஒருவரிடம் போய் உட்காருங்கள். 'ஆம்', 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் பதில் வரும் கேள்விகளைக் கேட்காதீர்கள். 'உங்க பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியா போவீங்க? வழியில என்னவெல்லாம் இருந்துச்சு?' என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு, காதைத் திறந்து வையுங்கள். அவர் யோசிக்கும்போது அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். நல்ல விஷயம் பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும்.

பதிவானதைக் கேட்டு, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நீங்கள் சொல்ல வேண்டியதைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதுங்கள். தங்கையிடமோ, நண்பனிடமோ படித்துக் காட்டுங்கள். அவர்கள் 'அப்புறம்?' என்று கேட்கும் வரை திருத்துங்கள். கேட்டுவிட்டார்களா? போனை எடுங்கள், பதிவு பட்டனைத் தட்டுங்கள்.

முடிந்ததும், முதலில் யாருக்குப் போட்டுக் காட்ட வேண்டும் தெரியுமா? அந்தப் பெரியவருக்குத்தான்!