அச்சை விட்டு இறங்கும் பூ

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கத்தில் கொடுக்கவும், ஜனவரியில் மகளின் பிறந்தநாளன்று பள்ளிக்குக் கொடுத்தனுப்பவும் வீட்டிலேயே என்ன செய்யலாம் என்று கேட்கிறார். கேக் செய்ய ஓவன் இல்லையே என்ற வருத்தம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. அவர் இருக்கும் ஊரில் இது ஒரு குறையே இல்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் டிசம்பர் பிறந்தால் எண்ணெய்ச் சட்டிக்குத்தான் வேலை: கலகலா, முந்திரிக்கொத்து, அதிரசம், அச்சு முறுக்கு. நான்கையும் பற்றி எழுதினால் எதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது. எனக்கு மோகம் அச்சு முறுக்கின் மேல், அதையே எடுத்துக்கொள்கிறேன்.

மாவுப் பக்குவம் அம்மாவிடமோ மாமியாரிடமோ கேட்டால் கிடைக்கும். ஊறவைத்த பச்சரிசி, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, கொஞ்சம் எள்; சில வீடுகளில் மைதாவும் சேரும். தோசை மாவைவிடச் சற்று இளக்கமாக இருந்தால் போதும். யாரும் விளக்கிச் சொல்லாதது அச்சின் சங்கதி.

பூ வடிவ உலோக அச்சு, அதன் தலையில் நீண்ட கம்பிக் கைப்பிடி. காய்ந்த எண்ணெயில் அச்சைச் சூடேற்றி, மாவில் முக்கால்வாசி முக்கி, மறுபடி எண்ணெயில் இறக்க வேண்டும். சில நொடிகளில் லேசாக ஆட்டினால் முறுக்கு கழன்று மிதக்கும். யோசித்துப் பார்த்தால் இது விசித்திரமான எதிர்பார்ப்பு. மாவுக் கிண்ணத்தில் அச்சு மாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய்க்குள் போனதும் அதே மாவை விட்டுவிட வேண்டும். ஒரே உலோகம், ஒரே மாவு, நடுவில் சில நொடிகள்.

முதலில் பிடிப்பது எப்படி என்று பார்ப்போம். அரிசி மாவுச்சத்து ஏறக்குறைய 70 டிகிரி செல்சியஸில் நீரை உறிஞ்சி உப்பிக் கூழாகிறது. முட்டையின் புரதமும் அந்தச் சூட்டை ஒட்டித்தான் இறுகும். சுடு அச்சு மாவைத் தொட்டதும் அதையொட்டிய மெல்லிய படலம் மட்டும் வெந்து உலோகத்தைப் பற்றிக்கொள்கிறது. வெளியில் இருக்கும் ஈர மாவு அந்தப் படலத்தைப் பற்றிக்கொள்கிறது. அச்சு ஆறிப்போயிருந்தால் எதுவும் வேகாது, மாவு வழிந்துவிடும். அளவுக்கு மீறிச் சுட்டிருந்தால் மாவிலுள்ள நீர் தொட்ட கணமே ஆவியாகி, மாவை நெருங்கவே விடாது. 'சொய்ங்' என்ற சத்தத்தோடு திட்டுத் திட்டாக உதிரும். கனத்த பித்தளை அச்சையோ இரும்பு அச்சையோ பெரியவர்கள் தேடி வாங்கியதன் காரணம் இதுதான். ஈர மாவில் முக்கினாலும் அதன் சூடு சட்டென்று இறங்காது. கையில் எடுத்தால் எடையே தெரியாத அலுமினிய அச்சு முக்கியதுமே ஆறிவிடும்.

இனி விடுவது. எண்ணெய் 170, 180 டிகிரியில் இருக்கும். மாவின் நீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகப் பீறிடுகிறது. சட்டியில் நாம் பார்க்கும் நுரையெல்லாம் அந்த ஆவிதான். நீர் போகப் போக மாவு ஓடு விறைக்கிறது. ஓட்டுக்கும் உலோகத்துக்கும் இடையே அகப்பட்ட ஆவி இரண்டையும் பிரித்துத் தள்ள, அந்த இடுக்கில் எண்ணெய் புகுந்துவிடுகிறது. பிறகு ஒரு சின்ன ஆட்டல் போதும். சர்க்கரை கூடிப்போனால் இந்தக் கணக்குத் தப்பும். ஓடு காய்வதற்கு முன்பே சிவந்து, பாகு உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு அச்சு முறுக்கைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் இதழ்களின் விளிம்பு மூடி வழவழப்பாக இருக்கும். மறுபக்கம் ஒவ்வொரு இதழின் நடுவிலும் மெல்லிய பிளவு ஓடும். உலோகம் நின்ற இடம் அது. நாம் ஒற்றைச் சுவர் என்று நினைத்துக் கடிப்பது உண்மையில் இரட்டைச் சுவர். அச்சோடு இருக்கும்வரை வெளிப்புறம் மட்டுமே பொரிகிறது. கழன்ற பிறகே பிளவுக்குள் எண்ணெய் தாராளமாகப் போய் உள்சுவரையும் பொரிக்கிறது. கழன்றதுமே அவசரப்பட்டு எடுத்த முறுக்கு மாலைக்குள் நமுத்துப்போவதன் ரகசியம் இதுதான். நுரை அடங்கும்வரை கிடக்கட்டும். முக்கால்வாசிதான் முக்க வேண்டும் என்ற விதியும் இந்தப் பிளவில் இருக்கிறது. மாவு அச்சின் மேல்விளிம்பைத் தாண்டினால் பிளவு மூடிக்கொள்ளும். உள்ளே அச்சு கைதி. உடைத்துத்தான் மீட்க வேண்டும்.

புதிய அச்சு எவ்வளவு நல்ல மாவுக்கும் அடங்காது. கழுநீரிலோ கஞ்சித் தண்ணீரிலோ இரவெல்லாம் ஊறவைத்து, துடைத்து, எண்ணெயில் காய்ச்சிப் பழக்க வேண்டும். இரும்புத் தோசைக்கல்லை எங்கள் வீட்டில் பழக்கிய அதே வித்தைதான். சூட்டில் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, உலோகத்தின் நுண்ணிய மேடுபள்ளங்களை மூடி, வழுக்கலான கெட்டிப் படலமாகின்றன. அச்சு கறுத்து மினுங்கினால் அது அழுக்கு அல்ல, அதன் சொத்து. அதைச் சோப்புப் போட்டுக் கம்பி நாரால் தேய்த்துப் பளபளப்பாக்கி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, தாளில் சுற்றி வைத்தால் போதும்.

இன்னும் மோசம், பாட்டி காலத்துப் பித்தளை அச்சைப் பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போடுவது. இந்த அச்சு எங்கெல்லாம் போயிருக்கிறது தெரியுமா? கேரளத்தில் அச்சப்பம், இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குக் கொக்கிஸ், மலேசியாவில் பெருநாள் பலகாரம், ஈரானில் ஜன்னல் வடிவ இனிப்பு. பனி கொட்டும் நார்வேயிலும் ஸ்வீடனிலும் கிறிஸ்துமஸுக்கு இதே போன்ற அச்சில் கோதுமை மாவை முக்கிச் சுடுகிறார்கள். இத்தனை தேசத்துக்கும் பொதுவான கருவியைப் பரணிலிருந்து இறக்கச் சோம்பி, பேக்கரியில் கேக் பெட்டி வாங்கி நீட்டுகிறோம். அந்தப் பெட்டி பிரிக்கப்படாமலே அடுத்த வீட்டுக்கும், அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கும் ஊர்வலம் போவது யாருக்குத் தெரியாது? தீபாவளிக்கு ஒரு தட்டு வந்தால் கிறிஸ்துமஸுக்கு ஒரு தட்டு போகும், வெறும் தட்டைத் திருப்பக் கூடாது என்பதெல்லாம் கையால் செய்த பண்டத்தை நம்பி ஏற்பட்ட வழக்கங்கள்.

பரிசுப் பண்டமாக அச்சு முறுக்குக்கு இன்னொரு தகுதி உண்டு. நீர் இல்லாததால் பூஞ்சை பிடிக்க வழியில்லை. சில வாரம் தாங்கும். அதற்கு இரண்டே எதிரிகள். ஒன்று காற்றின் ஈரம். சூட்டோடு மூடினால் முறுக்கின் ஆவியே அதை நமுக்க வைக்கும் என்பதால் முழுக்க ஆறவிட்டு, இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் அடுக்குங்கள். அலங்கார அட்டைப்பெட்டி ஈரத்தைத் தடுக்காது. மற்றொன்று எண்ணெயின் சிக்கு வாடை. போன வாரம் வடை சுட்ட எண்ணெயைப் பரிசுப் பலகாரத்துக்கு எடுப்பது சிக்கனம் அல்ல, அநியாயம். வெளிச்சம் புகும் கண்ணாடி ஜாடியும் வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

பிறந்தநாளுக்குப் பள்ளிக்கு அனுப்பும்போது சின்ன அச்சாகப் பார்த்துச் சுடுங்கள். பெரிய பூ பைக்குள் நொறுங்கிவிடும். பக்கத்து வீட்டில் முட்டை சேர்க்காதவர்கள் இருந்தால், மாவை முட்டை ஊற்றுவதற்கு முன்பே இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கில் முட்டைக்குப் பதில் கொஞ்சம் மைதா சேர்த்துக்கொள்ளுங்கள். புது எண்ணெயில் முதல் ஈடு அவர்களுடையதாக இருக்கட்டும். அச்சும் அதற்குமுன் முட்டை மாவைத் தொட்டிருக்கக் கூடாது. முட்டை மாவு அதன் பிறகு. கொடுக்கும்போது எந்த டப்பா எது என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.