பெயர் பெற்றோர் மூவர்

மகளிர் மருத்துவத்தின் தந்தையென அமெரிக்கர் போற்றிய மரியன் சிம்ஸ், 1845 முதல் 1849 வரை அலபாமாவின் மொன்கொமரி நகரில் தம் சத்திரசிகிச்சை முறையைக் கறுப்பின அடிமைப் பெண்கள்மீது பரிசோதித்தார். பிள்ளைப்பேற்றால் சிறுநீர்ப்பை புண்பட்டு, ஓயாது நீர் கசிய வருந்தியவர் அவர்கள். அனார்க்கா என்பாள் மயக்க மருந்தின்றி 30 முறை கத்திக்கு உள்ளானாள். 1846இல் ஈதரின் பயன் வெளிப்பட்ட பின்னரும் அவளுக்கு அது கிட்டவில்லை. அவளும் பெற்சி, லூசி என்போருமே சிம்சின் வரலாற்றில் பெயர் பெற்றனர், ஏனையோர் பெயரிலராயினர்.

நியூயோர்க் மத்திய பூங்காவில் நின்ற அவர் சிலை 2018இல் அகற்றப்பட்டது. ஆயினும், கறுப்பினத்தாரின் தோல் தடித்தது என்பன போன்ற பொய்களை நம்பிய மருத்துவ மாணவரை 2016இல் வேர்ஜீனியாவில் நிகழ்ந்த ஆய்வு கண்டது. இன்றும் அந்நாட்டில் பேறுகால மரண வீதம் கறுப்பினத் தாயரிடையே இரு மடங்கிற்கும் மேல்.

ஆசிரியர்காள், சிம்சின் பெயரைக் கற்பிக்குமிடத்து இம்மூவர் பெயரையும் கற்பியுங்கள்.