டைல்ஸ் கடைக்குப் போவதற்கு முன்

ஓசூரில் தொழிற்சாலைகள் வரிசையாக வந்த 1980களில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் பலரும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஏஎஸ்டிசி ஹட்கோ, அவலப்பள்ளி பக்கமெல்லாம் அந்தக் காலத்துக்குப் பின் எழுந்த வீடுகளுக்கும் வயதாகிவிட்டது. முட்டி வலி வந்தவரால் இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடிவதில்லை. மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே இருக்கும் அறையின் கூரையில் ஓதம் ஏறி, சுண்ணாம்பு உதிர்கிறது. பாத்ரூமை இடித்துப் புதுசாகப் போடலாம் என்ற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஆரம்பித்ததும் குடும்பத்தோடு டைல்ஸ் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கடை கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்.

இந்தப் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமும் கூடியது. ஃப்ளோரைடு பிரச்சினைக்காகவே கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் அது பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. ஃப்ளோரைடு குடிக்கும் தண்ணீரில்தான் கவலை. பாத்ரூமைக் கெடுப்பது கடினத்தன்மை. இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை விடுகிறது. உங்கள் போர் தண்ணீரை ஒரு ஆய்வகத்தில் கொடுத்து அந்த எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். எண் அதிகமாக இருந்தால் சின்னச் சின்னத் துளை வைத்த ஷவர், கறுப்பு நிறக் குழாய்கள், கண்ணாடித் தடுப்பு இவற்றுக்குக் காசு போடாதீர்கள். சில மாதத்திலேயே வெள்ளை படிந்து, துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிடும். மாடியில் இரண்டு தொட்டி வைக்க இடமிருந்தால், குழாய்த் தண்ணீரைக் கீசருக்கும் ஷவருக்கும், போர் தண்ணீரை ஃப்ளஷுக்கும் எனப் பிரித்துவிடுவது நல்லது. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். மார்கழிக் குளிரில் கீசர் இல்லாமல் முடியாது. உப்பு படிந்த கீசர் கரண்டையும் தின்னும், சீக்கிரம் கெட்டும் போகும்.

பழைய வீட்டில் ஜிஐ பைப் இருந்தால் ஒரு துண்டை அறுத்துக் குறுக்கே பாருங்கள். அரை இஞ்சு குழாய்க்குள் துருவும் உப்பும் சேர்ந்து, நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுதான் வழி இருக்கும். இதை வைத்துக்கொண்டு புது ஷவர் போட்டால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். சுவரை உடைக்கும் இந்த ஒரு தடவையிலேயே எல்லாப் பைப்பையும் மாற்றிவிடுங்கள். சுடுதண்ணீர் போகும் வழிக்குச் சிபிவிசி மட்டுமே. அது 93 டிகிரி வரை தாங்கும். யுபிவிசி சூட்டில் இளகிவிடும்.

ஒழுகுவதற்குப் பெரும்பாலும் டைல்ஸ் காரணமில்லை. பாத்ரூம் தளத்தை மற்ற இடத்தைவிடத் தாழ்த்திப் போட்டு, பைப் ஓட்டி, அந்தக் குழியை உடைந்த செங்கல்லால் நிரப்பியிருப்பார்கள். வருஷக்கணக்காக அந்தச் செங்கல் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். மேலே மட்டும் புது டைல்ஸ் ஒட்டினால் ஓதம் அப்படியே இருக்கும். குழியைக் கான்கிரீட் தெரியும்வரை காலி செய்ய வேண்டும். பைப் வேலை முடிந்ததும் மூலைகளையும் பைப் தளத்தைத் துளைக்கும் இடங்களையும் முதலில் அடைத்து, பிறகு வாட்டர் ப்ரூஃபிங் இரண்டு கோட் அடிக்க வேண்டும். குளிக்கும் இடத்தில் அது ஆள் உயரத்துக்கு ஏறட்டும். காய்ந்தபின் வடிகாலை அடைத்து, இரண்டு இஞ்சுக்குத் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, இரண்டு நாள் விடுங்கள். அடுத்தடுத்து வேலை வைத்திருக்கும் மேஸ்திரிக்கு இது பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் விடாதீர்கள். கோட்டுக்குக் கீழே அதிகம் இறங்காமலும் கீழ்வீட்டுக் கூரை நனையாமலும் இருந்தால்தான் மேற்கொண்டு வேலை. குழியை நிரப்பியபின், டைல்ஸுக்குக் கீழே இன்னொரு கோட் வரட்டும்.

வாட்டம் மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் இருந்தால் போதும். டைல்ஸ் இடுக்குகளை அடைக்கும் முன் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வரும் டைல்ஸைக் கழற்றி ஒட்டச் சொல்லுங்கள். விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது, அதனால் சிமெண்ட் பாலில் சரியாகப் பிடிக்காது. அதற்கென்று உள்ள ஒட்டுப் பசைதான் வேண்டும்.

இந்தியன் டாய்லெட்டை வெஸ்டர்னாக மாற்றுகிறவர்கள், கமோடு வாங்கும் முன் சுவரிலிருந்து வடிகால் ஓட்டையின் நடுப்புள்ளி எத்தனை இஞ்சு என்று அளந்துகொள்ளுங்கள். ஒன்பதா, பன்னிரண்டா என்பதில்தான் மாடலே மாறுகிறது. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கைப்பிடிக் கம்பிக்கான இடத்தையும் இப்போதே குறியுங்கள். ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் அந்த இடத்தை மட்டும் கான்கிரீட்டால் நிரப்பினால்தான் கம்பி ஆளைத் தாங்கும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவை மறித்துக் கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவால் உதவிக்குப் போகவே முடியாது.

கீசருக்குத் தனி லைன், 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த். மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் இந்த வேலையோடு போட்டுவிடுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், தள்ளிப்போடக் கூடாது.

இப்போது கடைக்குப் போகலாம். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரில் வாங்கினால் மலிவு என்று சொல்வார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வரி விகிதம் ஒன்றுதான். வண்டி வாடகையையும், உடைந்ததைத் திருப்பிக் கொடுக்கும் அலைச்சலையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். பெட்டிகளில் பேட்ச் எண் எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்; எண் மாறினால் நிறம் மாறும். கிருஷ்ணகிரி கிரானைட் கையெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. வாசல் தடுப்புக்கும் சோப்பு வைக்கும் தட்டுக்கும் அதைவிட நல்ல கல் இல்லை. தரைக்குப் பாலிஷ் கிரானைட் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். சொரசொரப்பாக எடுத்த கல்லைக் கேளுங்கள்.

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஊர் இது. டைல்ஸ் ஒட்ட வருகிறவர் இந்தி மட்டும் பேசுகிறவராகவும் இருக்கலாம். வாயால் சொன்னது கைமாறும்போது மாறிவிடும். ஷவர், குழாய், கீசர், கண்ணாடி ஒவ்வொன்றின் உயரத்தையும் தடித்த மார்க்கரால் சுவரிலேயே எழுதிவிடுங்கள். பணத்தை வேலை நகர நகரக் கொடுங்கள், ஒரு பகுதியைத் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகு. ஒரு பாத்ரூமுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். வீட்டில் ஒன்றே ஒன்றுதான் என்றால் பக்கத்து வீட்டில் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

பைப்பும் வயரும் சுவருக்குள் மறையும் முன், அளவு டேப்பை நீட்டிப் பிடித்து நான்கு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த வருஷம் டவல் கம்பிக்கு டிரில் போட வருகிறவரிடம் முதலில் அந்தப் போட்டோவைக் காட்டுங்கள்.